முழுத் துண்டாக நிறுக்கச் சொல்லுங்கள்

இந்த முறை ஆட்டுக்கறி பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

வெள்ளாட்டுக்கறி என்று கேட்டுத்தான் வாங்கினேன். குழம்பு கொதித்ததும் செம்மறி வாடை. கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? (தாம்பரம்)

உண்டு. முதலில் கொழுப்பைப் பாருங்கள். செம்மறிக்கு முதுகிலும் தொடையிலும் வெள்ளைக் கொழுப்பு படர்ந்திருக்கும். வெள்ளாட்டுக்கு வெளியே மெல்லிய படலம்தான். அதன் கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள், சிறுநீரகத்தைச் சுற்றிச் சேரும். அடுத்து வால். வெள்ளாட்டு வாலின் அடிப்பக்கத்தில் முடி இருக்காது. அடையாளத்துக்காகவே பல கடைக்காரர்கள் முடியோடு வாலை விட்டுவைக்கிறார்கள். வாலையும் அறுத்து, கொழுப்பையும் வழித்துத் தொங்கவிட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஆனால் வாலை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். 2018 நவம்பரில் ராஜஸ்தானிலிருந்து எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வந்த 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட கறியை நாய்க்கறி என்று சந்தேகப்பட்டுப் பிடித்தார்கள். வால் நீளமாக இருந்ததும் சந்தேகத்துக்கு ஒரு காரணம். கால்நடை மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்தபோது அது ஆட்டுக்கறிதான் என்று தெரிந்தது. அதற்குள் சென்னையில் எத்தனையோ பேர் பிரியாணிக் கடைப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தார்கள்.

செம்மறி மட்டமான கறி இல்லை. மேச்சேரிச் செம்மறிக் கிடாயைத் தேடிப் போய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். செம்மறியைச் செம்மறி என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்கட்டும். பெயரை மாற்றி விற்றால் அது மோசடி.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போனால் எலும்பும் ஜவ்வுமாகத்தான் கிடைக்கிறது. என்ன செய்வது? (விருதுநகர்)

ஏழு மணிக்குப் போங்கள்.

ஒரு கிலோ வாங்கினேன். வீட்டுத் தராசில் 870 கிராம்தான் காட்டியது. போய்க் கேட்டால், "வெட்டும்போது குறையத்தான் செய்யும் சார்" என்கிறார். ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். 130 கிராம் எனக்குச் சின்ன விஷயம் இல்லை. (ஈரோடு)

யாருக்குமே அது சின்ன விஷயம் இல்லை ஐயா. கிலோ 900 ரூபாய் என்றால் 117 ரூபாய் போயிருக்கிறது. வெட்டும்போது எலும்புத்தூளும் துணுக்கும் கட்டையில் ஒட்டுவது உண்மைதான். அது ஒரு பிடிகூட வராது. 130 கிராம் கட்டையில் நிற்காது.

இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சொல்வேன். கறிக்கடைத் தராசை யாருமே பார்ப்பதில்லை. தங்கம் வாங்கும்போது குனிந்து பார்க்கிறோம். கறி வாங்கும்போது போனைப் பார்க்கிறோம். எடை எங்கெல்லாம் போகிறது என்று கடைகளில் நின்று கவனித்திருக்கிறேன். தட்டு ஏறும் முன்பே எண் பூஜ்யத்தில் இருக்காது. தட்டின் எடையைக் கழிக்க மாட்டார்கள். கறியை வைத்த கையை எடுக்காமலே எடையைச் சொல்லி, எண் நிற்பதற்குள் வழித்து எடுத்துவிடுவார்கள். கடைசியாக 50 கிராம் குறைகிறது என்றதும் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு கை அள்ளிப் போடுவார்கள். அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் பாருங்கள். கொழுப்பு, ஜவ்வு, கழுத்து எலும்பு. ஆளுக்கு 50 கிராம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை கிலோ கழிவு, கறியின் விலைக்குப் போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வேண்டிய இடத்தைக் காட்டி, முழுத் துண்டாக அறுத்து, அப்படியே நிறுக்கச் சொல்லுங்கள். எண் நின்ற பிறகு வெட்டட்டும். ஜவ்வும் கொழுப்பும் நிறுக்கும் முன்பே போக வேண்டும். வெட்டிய கறியை உங்கள் கண் முன்னால் உங்கள் பாத்திரத்தில் போட வேண்டும். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை முத்திரை வைத்தாக வேண்டும். முத்திரையைக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

உங்கள் வீட்டுத் தராசு சரியா என்று ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சரியாக இருந்தால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குப் புகார் எழுதுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். அடுத்த முறை ரசீது கேளுங்கள். தர மறுத்தால் கடையை மாற்றுங்கள்.

குக்கரில் எட்டு விசில் விட்டும் கறி ரப்பராக இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்தானே? (திருநெல்வேலி)

என்ன கேட்டு வாங்கினீர்கள்? உங்கள் கடிதத்தின்படி "அரைக் கிலோ கறி கொடுங்க" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அவர் கறி கொடுத்துவிட்டார். குழம்புக்கு நெஞ்செலும்பும் கழுத்தும், வறுவலுக்குத் தொடை, பிரியாணிக்கு முன்சந்தும் (முன்கால் பகுதி) சாப்ஸும் என்று வாய் திறந்து கேட்க வேண்டாமா? இளங்குட்டியா என்று பார்த்தீர்களா? குட்டியின் கறி வெளிர்சிவப்பாகவும் எலும்பு உள்ளே ரத்தச் சிவப்பாகவும் இருக்கும். முற்றிய ஆட்டின் கறி கருஞ்சிவப்பாகவும் விலா எலும்பு தட்டையாக வெளுத்தும் இருக்கும்.

இன்னொன்று. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அடுப்பேற்றினால் இளங்கறியும் கடிபடாது. ஓர் இரவு ஃப்ரிட்ஜில் மூடி வைத்து மறுநாள் சமைத்துப் பாருங்கள். முற்றிய கறி வாய்த்துவிட்டால் பச்சைப் பப்பாளியைத் தோலோடு அரைத்து ஒரு ஸ்பூன் புரட்டி, அரை மணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் போனால் கறி கூழாகிவிடும்.

வாங்கிய கறியை நான்கு நாள் கழித்துச் சமைக்க எடுத்தேன். ஃப்ரிட்ஜில்தான் இருந்தது, ஃப்ரீசரில் இல்லை. வாடை வந்ததால் திருப்பிக் கொடுத்தேன். பணம் தர மறுக்கிறார்கள். (சென்னை)

தர வேண்டியதில்லை. ஃப்ரீசரில் வைக்காத கறியை இரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும்.

குலதெய்வக் கோயிலுக்குக் கிடா வெட்ட வேண்டும். உயிர் எடைக்கு வாங்கலாமா? (பரமக்குடி)

வாங்கலாம், நான் வாங்கிய மாதிரி வாங்காதீர்கள். மகள் காதுகுத்துக்குச் சந்தையில் 22 கிலோ காட்டிய கிடாயை உயிர் எடைக்குப் பேசி வாங்கினேன். வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. நல்ல மேய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன். புண்ணாக்கும் தண்ணீரும் கொடுத்து ஏற்றிய எடை அது. உரித்தபோது குடலிலிருந்து வாளி வாளியாக வந்தது. கறி ஒன்பது கிலோகூடத் தேறவில்லை. பந்தியில் கடைசி வரிசைக்கு வெறும் குழம்புதான் ஊற்றினோம். அத்தை ஒருவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அது இன்னும் மனதில் இருக்கிறது.

உயிர் எடையில் ஏறக்குறைய பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கறி வரும். அதை வைத்து விலை பேசுங்கள். காலையில் வெறும் வயிற்றில் நிறுக்கச் சொல்லுங்கள். முதுகுத்தண்டில் கை வைத்து அழுத்துங்கள். எலும்பு குத்தினால் அந்த ஆட்டில் சதை இல்லை, வயிறு எவ்வளவு பெருத்திருந்தாலும் சரி.

தீபாவளிக் கறிச்சீட்டுக்கு வாரம் நூறு ரூபாய் என்று நாற்பது வாரம் கட்டினேன். வீட்டு வேலை செய்து சேர்த்த காசு. தீபாவளிக்கு முந்தின நாள் கடை பூட்டியிருந்தது. "உன்னை யார் கட்டச் சொன்னது" என்று வீட்டில் திட்டுகிறார்கள். (மதுரை)

அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பண்டிகைக்குப் பிள்ளைகளுக்குக் கறி ஆக்கிப்போட வேண்டும் என்று சேர்த்திருக்கிறீர்கள். திட்ட வேண்டியது ஓடிப்போன ஆளை.

சீட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் தெருவிலேயே இன்னும் பலர் கட்டியிருப்பார்கள். ஒவ்வொருவர் அட்டையையும் நகல் எடுத்து, எல்லோரும் ஒன்றாகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். இருபது பேராகப் போனால் உட்காரவைத்து எழுதிக்கொள்வார்கள். புகார் கொடுத்ததற்கான ரசீதை வாங்காமல் வராதீர்கள். ஜிபேயில் கட்டிய வாரங்கள் இருந்தால் அந்தப் பக்கங்களையும் எடுத்து இணையுங்கள். கடை வாடகைக் கட்டிடம் என்றால், உரிமையாளரிடம் அந்த ஆளின் முகவரியும் ஒப்பந்தமும் இருக்கலாம். அதையும் காவலரிடம் சொல்லுங்கள்.

அடுத்த வருடம் சீட்டு வேண்டாம். பத்து வீடு சேர்ந்து உண்டியலில் போட்டு வையுங்கள். பண்டிகைக்கு ஓர் ஆட்டை வாங்கி, கண் முன்னால் வெட்டிக் கூறு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஈரலும் எலும்பும் எல்லாக் கூறிலும் சமமாக விழும். புகார் எந்த அளவில் இருக்கிறது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.