பத்து நிமிட வியாழன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் 6 அங்குல டாப்சோனியன் (கையால் தள்ளித் திருப்பும்) தொலைநோக்கி இருக்கிறது. குவியத்தூரம் 1200 மி.மீ., மோட்டார் இல்லை. 2.9 மைக்ரான் பிக்சல் கேமரா மாட்டி, மொட்டை மாடியிலிருந்து வியாழனை 10 நிமிடம் வீடியோ எடுத்து ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினேன். பட்டைகள் வருகின்றன, ஆனால் அவற்றுக்குள் எதுவும் இல்லை, துணியால் தேய்த்ததுபோல் இருக்கிறது. வியாழனின் பெரும்புயலான சிவப்புப் புள்ளியையும் காணோம். பிரேம் கூடக்கூடப் படம் நன்றாக வர வேண்டாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த நேரத்தில் சிவப்புப் புள்ளி நம் பக்கம் இருந்ததா என்று முதலில் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பட்டைகள் மட்டும் தப்பியதிலேயே விடை இருக்கிறது. வியாழன் சுழல்வது பட்டைகளின் போக்கில்தான்; அதனால் பட்டை அழியாது, உள்ளிருக்கும் மேகங்கள் இழுபடும். வியாழன் ஒருமுறை சுழல 10 மணி நேரம்கூட ஆவதில்லை. வட்டின் விட்டம் 44 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) என்றால், நடுவிலுள்ள மேகம் 10 நிமிடத்தில் 2.3 ஆர்க்செகண்ட் நகர்ந்துவிடும். உங்கள் 150 மி.மீ. ஆடி பிரித்துக் காட்டுவதோ 0.77. மூன்று நிமிடத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மூன்று மூன்று நிமிடமாக எடுத்து, வின்ஜூபோஸ் மென்பொருளில் சுழற்சியைச் சரிசெய்து சேர்க்கலாம்.

பிரேம் நிறைய எடுப்பது எல்லாவற்றையும் அடுக்குவதற்காக அல்ல, பெரும்பாலானவற்றைத் தூக்கிப் போடுவதற்காக. காற்று அடங்கும் கணம் அரிது. எக்ஸ்போஷர் 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் அது சிக்கும். கெயினை (கேமரா சிக்னலைப் பெருக்கும் அளவை) தயங்காமல் ஏற்றி, ஹிஸ்டோகிராமை (ஒளி அளவைக் காட்டும் வரைபடத்தை) 60 சதவீதம் அளவில் வையுங்கள். ஒற்றைப் பிரேமில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். நொடிக்கு 100 பிரேம் என்று 18,000 எடுத்து, சிறந்த 1,800ஐ அடுக்கினால் அந்த இரைச்சல் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகிவிடும். கோப்பு எஸ்இஆர் (சுருக்காத வீடியோ) வடிவில் இருக்கட்டும்; சுருக்கிய வீடியோவில் நுண்விவரம் முதலிலேயே போய்விடும்.

2.9 மைக்ரான் பிக்சலுக்கு எஃப்/14.5 (குவியத்தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்த எண்) பொருத்தம். உங்களுடையது எஃப்/8 என்பதால் குவியத்தூரத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸ் 2 மடங்கு போதும். 3 மடங்கு வாங்கினால் மங்கலைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

மோட்டார் இல்லாதது பெரிய குறை இல்லை. கேமராவைத் திருப்பி, வியாழன் நகரும் திசை படத்தின் நீளவாக்கில் வரும்படி வையுங்கள். பிறகு 1920×400 பிக்சல் என்று பட்டையாக வெட்டிப் பதியுங்கள். பிக்சல் வரிசைகள் குறைந்தால் பிரேம் வேகம் கூடும். பார்லோவோடு வியாழன் ஒரு முனையிலிருந்து மறுமுனை போக அரை நிமிடம் ஆகும். திரும்பத் தள்ளிவிட்டுத் தொடருங்கள். நகரும் வட்டைப் பிப் மென்பொருள் நடுவில் நிறுத்திக் கொடுக்கும்.

மொட்டை மாடிதான் எனக்கு உறுத்துகிறது. பகலெல்லாம் வெந்த கான்கிரீட் இரவு பத்து மணிக்கும் சூடு கக்கும். தொலைநோக்கிக் குழாய்க்கு முன்னால் கானல் ஓடும்போது எந்த மென்பொருளும் உதவாது. மண்தரையோ புல்லோ கிடைத்தால் அங்கே வையுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்துவிடுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக எடுத்து வந்தால் ஆடியில் ஈரம் படியும்.

அடுக்கிய படத்தைக் கூர்மையாக்க ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில் வேவ்லெட்டை ஏற்றும்போது வட்டின் விளிம்பைக் கவனியுங்கள். அங்கே வெங்காயத் தோல்போல் வளையம் தெரிந்தால் ஒரு படி இறக்கிவிடுங்கள்.