இதய மாத்திரையைக் கர்ப்பிணிக்கு எதற்குக் கொடுக்கிறார்கள்?

கேள்வி: எனக்கு 31 வயது. முதல் கர்ப்பத்தில் 33-வது வாரத்தில் பிரஷர் ஏறி, அவசரமாக சிசேரியன் செய்தார்கள். இப்போது மறுபடியும் 12 வாரக் கர்ப்பம். தினமும் இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் போடச் சொல்கிறார் மருத்துவர். என் மாமனார் இதயத்துக்குப் போடும் அதே மாத்திரை! குழந்தையைப் பாதிக்காதா? பிரஷர் இப்போது நார்மல்தான், ஏறினால் போட்டுக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. ஆஸ்பிரின் பிரஷரைக் குறைக்கிற மாத்திரையே இல்லை, ஏறின பிறகு அதைப் போட்டு இறக்க முடியாது.

கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைக் கெடுக்கும் ப்ரீ-எக்ளாம்ப்சியா என்ற நோயின் அபாயத்தைக் குறைக்கத்தான் இதைக் கொடுக்கிறோம். அது ஏழெட்டு மாதத்தில் வெளியே தெரிந்தாலும், பெரும்பாலும் அதற்கான வேலை முதல் சில மாதங்களிலேயே நஞ்சுக்கொடியில் ஆரம்பித்துவிடுகிறது. கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்கள் அந்த நேரத்தில் நன்றாக விரிந்து கொடுக்க வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் நஞ்சுக்கொடி ரத்தம் போதாமல் திணறி, சில பொருட்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கவிட, அவை அவருடைய ரத்தக்குழாய்களையும் சிறுநீரகத்தையும் கெடுத்து, அப்புறம்தான் பிரஷர், சிறுநீரில் புரதம் எல்லாம் வருகின்றன. ரத்தத் தட்டுகளை (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்களை) ஒட்டவைத்துக் குழாய்களைச் சுருக்கும் த்ராம்பாக்ஸேன் என்ற பொருளைக் குறைந்த அளவு ஆஸ்பிரின் அடக்குகிறது. அதனால்தான் 12-லிருந்து 16 வாரத்துக்குள் தொடங்கச் சொல்கிறோம். நீங்கள் சரியான நேரத்தில்தான் இருக்கிறீர்கள், யோசித்துக்கொண்டே நாளைத் தள்ளிவிடாதீர்கள்.

2017-இல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வில், அபாயம் அதிகமுள்ள பெண்களுக்கு இதே 150 மி.கி.யை இரவில் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே ப்ரீ-எக்ளாம்ப்சியா வந்தது வெற்று மாத்திரை போட்டவர்களில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் போட்டவர்களில் 1.6 சதவீதம். விடாமல் போட்டவர்களுக்குத்தான் பலன் அதிகம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம், வழக்கம்போல ஒன்றே போதும்.

இந்த அளவில் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு கூடுவதாகத் தெரியவில்லை. பிரசவத்தில் ரத்தப்போக்கு சற்றுக் கூடலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, அதை மறைக்கவில்லை, ஆனால் உங்கள் விஷயத்தில் நன்மையின் பக்கம்தான் தட்டு தாழ்கிறது. ஆஸ்பிரின் அலர்ஜி, வலி மாத்திரை போட்டால் வீசிங், வயிற்றுப்புண், ரத்தம் உறையாத கோளாறு, இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிலர் 36-வது வாரத்தில் நிறுத்துவார்கள், சிலர் பிரசவம் வரை தொடர்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டைக் குழந்தை, ஏற்கெனவே பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, லூபஸ் (உடலின் எதிர்ப்புச்சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கும் இதைக் கொடுப்போம். அதற்காகத் தங்கைக்கும் தோழிக்கும் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்!

மாத்திரை போடுகிறோமே என்று பிரஷர் பார்ப்பதை விடக்கூடாது, ஏனென்றால் இது முழுக் காப்பு அல்ல. 140/90 தொட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். விடாத தலைவலி, கண் முன்னே பூச்சி பறப்பது, திடீரென முகம் வீங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலி, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அந்த விலா வலியைத்தான் பலர் வாய்வு என்று நினைத்து கேஸ் மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள். இவையெல்லாம் குழந்தை பிறந்த பிறகும் வரலாம், ஆகவே பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரைக்கும் கவனமாக இருங்கள்.