மூச்சை அளக்க எத்தனை மைக்ரான் கம்பி வேண்டும்?

கேள்வி: பெங்களூரு எலகங்காவில் உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சூடேற்றிய நுண்கம்பியை மூச்சுக்காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் கொண்டு மூச்சோட்டத்தை அளக்கும் கருவியை நானும் தோழிகளும் செய்துவருகிறோம். 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) டங்ஸ்டன் கம்பி வாங்கினோம். அதில் சால்டர் (உருக்கி ஒட்டும் பற்றாசு) ஒட்டவில்லை, கையாளும்போதே அறுந்தும் விடுகிறது. நகரத்பேட்டை நகைப் பட்டறையில் பிளாட்டினத்தை மெல்லிய கம்பியாக இழுத்துத் தரச் சொல்லலாமா, அல்லது கண்ணாடிக் குழாயில் உலோகத்தை உருக்கி நாங்களே இழுக்கலாமா? மீதமுள்ள கம்பியால் தசையின் மின்குறிப்புகளை எடுக்க முடியுமா?

பதில்: உங்கள் சிக்கல் கம்பியின் தரத்தில் இல்லை, தேர்வில்தான் இருக்கிறது. 5 மைக்ரான் டங்ஸ்டன் என்பது, நம் நகரின் இந்திய அறிவியல் கழகத்தில் உள்ளவை போன்ற காற்றுச் சுரங்கங்களில், நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறும் சுழல்களைப் பின்தொடர்வதற்கான கம்பி. மூச்சு ஒருமுறை உள்ளே போய் வெளியே வர 3 முதல் 5 நொடி ஆகிறது. 25 மைக்ரான் பிளாட்டினக் கம்பி காற்றோட்ட மாற்றத்துக்கு நொடியின் நூறில் ஒன்றிரண்டு பங்கு நேரத்திலேயே ஈடுகொடுத்துவிடும் என்பதால், அதைவிட மெல்லியதாகப் போவதில் உங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை, அறுந்துபோவதுதான் மிஞ்சும். அந்த 25 மைக்ரான் கம்பியும் ஏறக்குறைய 7 கிராம் எடையைத்தான் தாங்கும் என்பதை மறவாதீர்கள்.

நீளத்தை 10 மில்லிமீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் நீளம் விட்டத்தைப் போல் 200 மடங்காவது இருந்தால்தான், முனைகளைத் தாங்கும் ஊசிகளின் வழியே வெப்பம் வடிந்துபோவது அளவீட்டைக் கெடுக்காது. இங்கே உங்களுக்கு 400 மடங்கு கிடைக்கிறது. அந்தத் துண்டின் மின்தடை அறை வெப்பநிலையில் சுமார் 2.2 ஓம், அதைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் சுமார் 3 ஓம். இவ்வளவு சிறிய மின்தடையில் இணைப்புக் கம்பிகளின் 0.1 ஓம்கூடக் கணிசமான பிழையாகிவிடும் என்பதால் அவற்றைக் குட்டையாகவும் தடிமனாகவும் வையுங்கள். வீட்ஸ்டன் சமனச்சுற்றின் (மின்தடைகளை ஒப்பிடும் நான்கு கைச் சுற்று) ஒரு கையில் நுண்கம்பியை அமைத்து, அதன் மின்தடை மாறாதபடி ஆப்-ஆம்ப் (மின்குறிப்பைப் பெருக்கும் சில்லு) ஒன்று மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்குமாறு செய்வதே வழக்கமான முறை. ஆனால் கம்பிக்கு மட்டுமே 0.2 ஆம்பியர் அளவுக்குத் தேவைப்படும், எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண ஆப்-ஆம்ப் தனியாக அதைத் தராது, அதன் வெளியீட்டில் ஒரு டிரான்சிஸ்டரைச் சேர்த்தாக வேண்டும்.

டங்ஸ்டனில் சாதாரண சால்டர் ஒட்டாதது இயல்பே. முனைகளுக்குச் செம்போ தங்கமோ முலாம் பூசிய பிறகே அதைச் சால்டர் செய்வார்கள், இல்லையென்றால் ஸ்பாட் வெல்டிங் (மின்னோட்டத்தால் ஒரு புள்ளியில் பற்றவைப்பது) செய்வார்கள். பிளாட்டினத்தில் ஒட்டும், ஆனால் சூட்டுக்கோலை நெடுநேரம் வைத்தால் உருகிய சால்டர் கம்பியையே கரைக்கத் தொடங்கும், ஆகவே தொட்டவுடன் எடுத்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கறுப்புக் காகிதத்தின் மேல், நுண்ணோக்கியின் கீழ் வேலை செய்யுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் அந்த மேசையில் உட்கார வேண்டாம். அறுந்த துண்டுகளை ஒட்டுநாடாவில் சேகரித்துவிடுவது நல்லது.

நகைப் பட்டறை யோசனை இரண்டு காரணங்களால் பயன்படாது. நகைக்கான பிளாட்டினத்தில் பொதுவாக 95 விழுக்காடே பிளாட்டினம். கலந்துள்ள உலோகத்தால் மின்தடை கூடும், ஆனால் வெப்பநிலைக்கேற்ப அது மாறும் அளவு குறைந்துவிடும். உங்கள் கருவியோ அந்த மாற்றத்தை நம்பித்தான் நிற்கிறது. இரண்டாவதாக, கம்பியைத் துளைவழி இழுத்து மெலியவைக்கும் நகை அச்சுகள் இவ்வளவு நுண்ணிய அளவுக்கு இறங்குவதில்லை. வைர அச்சுகள் வேண்டும். அதற்கும் கீழே போக ஒரு பழைய வழி உண்டு, அதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது: 1813இல் வொல்லஸ்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் பிளாட்டினத்தை வெள்ளிக்குள் பொதிந்து, இரண்டையும் சேர்த்து இழுத்து மெலியவைத்து, பின்பு வெள்ளியை மட்டும் நைட்ரிக் அமிலத்தில் கரைத்தெடுத்தார். அவர் பெயராலேயே அந்தக் கம்பி இன்றும் விற்கப்படுகிறது. நீங்கள் ஆய்வகப் பொருள் விற்பனையாளரிடம் தூய பிளாட்டினம் என்று குறிப்பிட்டு வாங்கிவிடுங்கள்.

கண்ணாடிக் குழாயில் உருக்கி இழுப்பது டெய்லர் என்ற ஆய்வாளர் 1924இல் விவரித்த முறை. பின்னர் சோவியத் நாட்டில் உலித்தோவ்ஸ்கி தூண்டல் சுருளால் (மாறும் காந்தப்புலத்தால் உலோகத்தைச் சூடேற்றும் சுருள்) உலோகத்தை உருக்கி அதை வளர்த்தெடுத்தார். இரும்பு அல்லது கோபால்ட் மிகுந்த கலப்புலோகத்தை இவ்வாறு இழுத்து நொடிக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகத்தில் குளிர்வித்தால், படிக அமைப்பற்ற, கண்ணாடி உறையிட்ட காந்த நுண்கம்பி கிடைக்கிறது. உறையும் உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் கம்பிக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது, அந்த இறுக்கமே அதன் காந்தப் பண்பை வடிவமைக்கிறது. கோபால்ட் வகையின் மாறுதிசை மின்னெதிர்ப்பு (மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) சிறு காந்தப்புலத்துக்கே பெரிதும் மாறும் என்பது 1994இல் வெளியான பிறகு, காந்தப்புல உணரிகளில் அதற்குத் தனி இடம் கிடைத்தது. இரும்பு வகையின் காந்தத் திசை ஒரே தாவலில் புரளும். அந்தத் தாவலை வெளியிலிருந்து ஒரு சுருளால் படிக்க முடிவதால், உடலுக்குள் பொருத்தும் கருவிகளின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கம்பித் தொடர்பின்றி அறிய ஆய்வுகள் நடக்கின்றன. உங்கள் தேவைக்கோ கண்ணாடி உறை வெப்பத்தைத் தாமதப்படுத்தும் தடை மட்டுமே.

தசைக் குறிப்புகளுக்கு மீதிக் கம்பியைத் தயவுசெய்து எவர் உடலிலும் செலுத்தாதீர்கள். பாஸ்மாஜியன், ஸ்டெக்கோ என்ற ஆய்வாளர்கள் 1962இல் விவரித்த நுண்கம்பி மின்வாய் (மின்குறிப்பை எடுக்கும் முனை), முனை தவிர மற்ற இடமெல்லாம் மின்காப்பிட்டு, கிருமி நீக்கி, ஊசியின் வழியே பயிற்சி பெற்றவர் செலுத்துவது. வெறுங்கம்பி வழியெங்கும் உள்ள குறிப்புகளைக் கலந்துதான் தரும். தோலில் ஒட்டும் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்வாய்கள் உங்கள் பாடத்துக்குப் போதும்.

ஒற்றைக் கம்பிக்கு உள்மூச்சும் வெளிமூச்சும் ஒன்றுபோலவே தெரியும். எனவே இரண்டு கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நடுவே ஒரு சிறு தடுப்பை அமையுங்கள். எந்தக் கம்பி தடுப்பின் மறைவில் இருக்கிறதோ அது குறைவாகக் குளிரும், அதிலிருந்து திசை தெரியும். கம்பியின் மின்னழுத்தத்தின் வர்க்கம், காற்று வேகத்தின் ஏறத்தாழ வர்க்கமூலத்தைப் பொறுத்து நேர்கோட்டில் உயரும் என்பது கிங் என்ற ஆய்வாளர் 1914இல் தந்த விதி. ஸ்பைரோமீட்டர்களை (மூச்சின் அளவை அளக்கும் மருத்துவக் கருவிகள்) சரிபார்க்கப் பயன்படும் 3 லிட்டர் சிரிஞ்சைப் பல வேகங்களில் தள்ளி அந்தக் கோட்டை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். வெளிமூச்சின் ஈரம் துளியாகக் கம்பியில் படிந்தால் அளவு தாவும், அதனால் சூட்டை மிகவும் குறைத்துவிட வேண்டாம். வாய்க்கும் கம்பிக்கும் இடையே நுண்ணுயிர் வடிகட்டி கட்டாயம்: அறுந்த துண்டு நுரையீரலுக்குள் போகாமல் காப்பதும் அதுவே. ஆக்சிஜன் கொடுக்கப்படும் குழாயில் இந்தச் சூடான கம்பியை ஒருபோதும் இணைக்காதீர்கள். தோழிகளை ஊதச் சொல்லும் முன்பே கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் எழுத்து வடிவில் ஒப்புதல் பெறுங்கள்.