வாடகை 15,000, இஎம்ஐ 29,000: கொளத்தூர் ஃபிளாட்டை வாங்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் அப்பா வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறேன். வயது 36. சம்பளம் கைக்கு 70,000 வருகிறது, பைக் கடனுக்கு 4,500 போகிறது. சேமிப்பு 15 லட்சம். வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கலாம் என்று இரண்டு இடம் பார்த்தேன். ஒன்று, கொளத்தூரில் மூன்றாம் மாடியில் 780 சதுர அடி ஃபிளாட். கட்டி 14 வருடம் ஆகிறது, விலை 46 லட்சம், குடியிருப்பவர் 15,000 தருகிறார். பத்திரத்தில் 34 லட்சம் போட்டுக்கொண்டு மீதியைக் கையில் கொடுக்கச் சொல்கிறார் விற்பவர். இன்னொன்று, கொருக்குப்பேட்டையில் மூன்று போர்ஷன் வீடு, 30 லட்சம். மொத்த வாடகை 20,500. மனை கோயிலுடையது, தரை வாடகை கட்டினால் போதும் என்கிறார்கள். "வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும்" என்கிறார் புரோக்கர். எதை வாங்கலாம்?

பதில்: கொருக்குப்பேட்டை வீட்டை முதலில் தள்ளிவிடுவோம். அங்கே நீங்கள் வாங்குவது கட்டடத்தை மட்டும். அடிமனை கோயிலுடையது. அறநிலையத்துறை அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தைக் கைமாற்றும் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிய மாட்டார், வங்கியும் அதற்குக் கடன் தராது. 20,500 வாடகைக்கு விலை இவ்வளவு மலிவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். வடசென்னையில் இதே போல இன்னொரு வகையும் விற்பனைக்கு வரும். முன்பு குடிசை மாற்று வாரியம் என்ற பெயரில் இருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் ஒதுக்கீட்டு வீடுகள் அவை. வாரியத்திடமிருந்து விற்பனைப் பத்திரம் வாங்காமல், ஒதுக்கீட்டு ஆணையையும் ஒரு பவர் பத்திரத்தையும் காட்டி விற்பார்கள். அதையும் தொடாதீர்கள்.

இனி கொளத்தூர். புரோக்கர் சொன்ன வரியைக் கணக்காக எழுதிப் பார்க்கலாம்.

நீங்கள் பேசிய விலையில் 80 சதவீதம் கடன் வரும் என்று நினைத்திருப்பீர்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் சொல்லும் தொகை, ஒப்பந்த விலை, இரண்டில் எது குறைவோ அதில்தான் வங்கி கணக்குப் போடும். 14 வருடக் கட்டடத்துக்கு அவர் 42 லட்சம் எழுதினால் கடன் 33.6 லட்சம். (30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு.) மீதி 12.4 லட்சம் உங்கள் கையிலிருந்து. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதாவது 4.14 லட்சம். இந்தச் செலவை வங்கி கடன் கணக்கில் சேர்க்காது. வக்கீல், வங்கிக் கட்டணம், கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைக்கும் ஆவணப் பதிவு எல்லாவற்றுக்கும் 60,000. புரோக்கருக்கு ஒரு சதவீதம் 46,000. பெயிண்ட், குழாய், ஒயரிங் என்று 1.5 லட்சம். கூட்டினால் கையிலிருந்து 19.1 லட்சம் வேண்டும். உங்களிடம் இருப்பது 15. இந்த 4 லட்சப் பள்ளத்தைத்தான் பலர் நகைக்கடனிலும் தனிநபர் கடனிலும் மூடிவிட்டு, அடுத்த மூன்று வருடம் முழி பிதுங்குகிறார்கள்.

மாதக் கணக்கு இதைவிடக் கசப்பு. வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்று வைத்தால் லட்சத்துக்கு 868 ரூபாய். 33.6 லட்சத்துக்கு இஎம்ஐ ஏறக்குறைய 29,160. வருட வாடகை 1,80,000. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதம் போகும் என்று 15,000 கழியுங்கள். சொத்துவரி இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்து 7,000, ரிப்பேர் 12,000. மிஞ்சுவது 1,46,000, மாதத்துக்கு 12,170 ரூபாய். ஆக மாதாமாதம் 17,000 சம்பளத்திலிருந்து போக வேண்டும். செலவெல்லாம் சேர்த்து வீட்டின் அடக்கவிலை 52.7 லட்சம். அதில் இந்த நிகர வாடகை 2.8 சதவீதம்கூட வரவில்லை. வீட்டின் விலை ஏறும் என்பது தனி நம்பிக்கை. அதை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள்.

வரிச்சலுகை கிடைக்குமே என்று யாராவது சொல்வார்கள். வாடகையில் சொத்துவரியைக் கழித்து, அதில் 30 சதவீதம் கழித்து, வட்டியையும் கழிக்கலாம் என்பது சரிதான். உங்களுக்கு முதல் வருட வட்டியே 2.8 லட்சம் தாண்டும், எனவே வீட்டுக் கணக்கில் நஷ்டம் வரும். பழைய வரி முறையில் அந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம், மீதியை 8 வருடம் தள்ளிக்கொண்டு போகலாம். புதிய முறையில் இருந்தால் சம்பளத்தில் ஒரு பைசா கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் தள்ள முடியாது. எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று அலுவலகக் கணக்காளரிடம் கேட்டுவிட்டு மேலே யோசியுங்கள்.

34 லட்சம் பத்திரம் என்ற பேச்சு இன்னும் மோசம். 12 லட்சத்தை மறைத்தால் 9 சதவீதத்தில் 1.08 லட்சம் மிச்சம், உண்மைதான். ஆனால் அதே 80 சதவீதம் என்று வைத்தால், 34 லட்சத்துக்கு வங்கி 27.2 லட்சம்தான் தரும். கையிலிருந்து விலைக்கு மட்டும் 18.8 லட்சம் போட வேண்டும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது, அந்த 12 லட்சமும் உங்கள் லாபமாக எண்ணப்பட்டு வரி வரும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விற்பவர் தலையில் விழும் என்பதையும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். பேச்சின் தொனி மாறும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், 46 லட்சம் உங்கள் சேமிப்புக்கு ஒரு சைஸ் பெரிய சட்டை. வங்கி கொடுக்கத்தான் செய்யும். பைக் தவணையோடு சேர்த்து 33,660 என்பது சம்பளத்தில் 48 சதவீதம், வங்கி பார்க்கும் 50 சதவீதத்துக்குள் அடங்குகிறது. ஆனால் வாடகைக்காரர் இல்லாத மாதத்தில் பால், பள்ளிக் கட்டணம், அப்பா மருந்து எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 36,000.

நான் சொல்வது இது: 28 லட்சத்துக்குள் ஒரு சிங்கிள் பெட்ரூம் தேடுங்கள், கொடுங்கையூரிலோ திருவொற்றியூரிலோ. 20 லட்சம் கடன், இஎம்ஐ 17,360. கையிலிருந்து 8 லட்சம், பதிவுக்கு 2.52 லட்சம், இதர செலவு ஒன்றரை லட்சம் என்று 12 லட்சத்தில் முடியும். மீதி 3 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள், ஆறு மாத இஎம்ஐக்கு அது போதும். 10,000 வாடகையில் நிகரம் 8,000 நிற்கும், துண்டு விழுவது 9,000 சொச்சம். மிதக்கும் வட்டியில் (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி) தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது, எனவே போனஸ் வந்தால் அசலில் போடுங்கள். கடனோடு ஒரே பிரீமியத்தில் ஒட்டித் தரும் காப்பீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக டேர்ம் பாலிசி எடுங்கள். ஒட்டித் தருவதற்கு இஎம்ஐயில் வட்டி சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எந்த ஃபிளாட்டைப் பார்த்தாலும் டோக்கன் கொடுக்கும் முன் காகிதம் கையில் வர வேண்டும். தாய்ப்பத்திரங்கள், 30 வருட வில்லங்கச் சான்று, நில அளவைப் பதிவேட்டின் நகல், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சொத்துவரி மற்றும் மெட்ரோ வாட்டர் ரசீது. உங்கள் வக்கீல் இவற்றைப் பார்த்த பிறகுதான் பணம். வரைபடத்தில் மாடிகளை எண்ணுங்கள். தரைத்தளமும் இரண்டு மாடியும்தான் அனுமதி என்றால், நீங்கள் பார்த்த மாதிரி மூன்றாம் மாடி ஃபிளாட் காகிதத்தில் இல்லாத வீடு. வங்கி வக்கீல் அங்கேயே பேனாவை மூடிவிடுவார். பிரிக்கப்படாத பாகம், அதாவது மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். கட்டடம் பழசானபின் உங்களுக்கு மிஞ்சும் சொத்து அதுதான். ஒப்பந்தத்தில் "ஆவணக் குறையால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் 15 நாளில் திரும்பத் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்.

குடியிருப்பவரிடம் நேரில் பேசுங்கள். வாடகைக்கு இருக்கிறாரா, லீஸுக்கா? லீஸ் என்றால், மாத வாடகைக்குப் பதிலாக விற்பவர் மொத்தமாக வாங்கிய தொகையை நாளை நீங்கள் திருப்பித் தர வேண்டி வரும். வாடகை என்றாலும் அட்வான்ஸ் தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அவர் காலி செய்யும் அன்று உங்கள் பையிலிருந்துதான் போகும்.

வீட்டை மதிய வெயிலில் ஒரு முறை, நல்ல மழைக்கு மறுநாள் ஒரு முறை பாருங்கள். கீழே இபி மீட்டர் பலகையை இடுப்புக்கு மேலே புதிதாக ஏற்றி மாட்டியிருந்தால், பழைய இடத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம். 2023 டிசம்பர் மழையில் எத்தனை நாள் தேங்கியது என்று தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள். புரோக்கரைவிட அவர் துல்லியம். திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் என்றால் கடல் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். சாவிக்கொத்தால் கூரைத் தளத்தைத் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் பூச்சு கம்பியை விட்டுவிட்டது, செலவு லட்சத்தைத் தொடும். பாத்ரூம் கூரையில் மஞ்சள் கறை இருந்தால் மேல்வீட்டுக் கசிவு, அவர்கள் ஒத்துழைக்காமல் சரி செய்ய முடியாது. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கிறதா என்றும் பாருங்கள். நுரைக்காத வீட்டில் வாடகைக்காரர் நிலைப்பதில்லை.

வாங்கிய பிறகு வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதியுங்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சட்டம் அதைக் கேட்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பழைய பழக்கத்தில் பத்து மாதம் வாங்கி, அதை வீட்டு விலைக்குக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.