மூன்று மொழியில் பதில் சொல்லும் சாட்பொட்: மகளின் ஆசை பற்றி ஒரு தாயாருக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் என் ஆலோசனை அறையில் இருந்த அரை மணித்தியாலத்துக்குள், பல மொழியில் பதில் சொல்லும் சாட்பொட் (ஆட்களின் கேள்விக்குத் தானாகப் பதில் போடும் கணினி நிரல்) செய்யப் படிக்க வேண்டும் என்ற மகளின் ஆசை பற்றி ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டீர்கள். "மிஸ், இது படிப்பா, விளையாட்டா?" பிள்ளை பக்கத்தில் இருந்தாள், வெளியில் ஆட்கள் காத்திருந்தார்கள். அதனால் அன்றைக்குச் சொல்லாததை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

படிப்புத்தான் அம்மா. அதுவும் பாரமான படிப்பு.

என்னை நம்ப வைத்தது அவள் போனில் காட்டிய சாட்பொட் இல்லை. யூடியூப் பார்த்து அந்தளவு செய்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவளுடைய சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கம்தான் என்னை நிறுத்தியது. அப்பாவின் முதலாம் குறுக்குத் தெருக் கடைக்கு வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குத் தானாகப் பதில் போக ஒரு சாட்பொட் செய்து பார்த்திருக்கிறாள். சிங்கள ஐயா ஒருவர் மின்விசிறிக்கு ஓடர் கொடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறி, ஆங்கில எழுத்தில் இ, பி, ஏ என்று மூன்றே எழுத்து அனுப்பியிருக்கிறார். சாட்பொட் அவருக்கு "புதன்கிழமை வரும்" என்று பதில் போட்டிருக்கிறது. அவர் திரும்பவும் அதே மூன்று எழுத்து. இதுவும் திரும்பவும் புதன்கிழமை. கடைசியில் மனிதர் கடைக்கே போன் எடுத்து ஏசினாராம்.

கொப்பியில் அவள் எழுதியிருந்தது இதுதான்: "நாங்கள் அந்த மூன்று எழுத்தை அடித்தால் 'எப்ப?' சிங்களத்தில் அடித்தால் 'எபா', வேண்டாம். முதல் மெசேஜ் எந்த மொழி என்று பார்த்து வைத்திருக்க வேண்டும்."

பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி இந்தத் துறையின் நடுமுடிச்சைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். பல மொழியில் கதைக்கும் சாட்பொட் ஒன்று முதலில் செய்ய வேண்டியது, வந்த வசனம் எந்த மொழி என்று பிரித்தறிவது. அடுத்தது, அந்த ஆளுக்கு என்ன தேவை என்று விளங்கிக்கொள்வது. அதன் பிறகுதான் பதில். தமிழ் எழுத்தில் வந்தால் முதல் வேலை லேசு. ஆனால் கொழும்பில் யார் அப்படி அனுப்புகிறார்கள்? ஆங்கில எழுத்தில் தமிழ், நடுவில் இரண்டு சிங்களச் சொல், முடிவில் "ஓகே". இதை ஒழுங்காகப் பிரித்தறியும் சாட்பொட் இன்னும் அரிது.

கணினியின் பக்கத்திலும் சிக்கல் இருக்கிறது. 'அம்மா' என்று நாம் எழுதுவது மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் கணினிக் குறி கொடுக்கும் யுனிகோட் முறையில் அது ஐந்து குறி: அ, ம, புள்ளி, இன்னொரு ம, அரவு. வழக்கமாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியும் 3 பைட் (கணினிச் சேமிப்பின் அளவு), மொத்தம் 15. அதே சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்தால் 4 பைட்தான். இன்றைய சாட்பொட்களுக்குள் இருக்கும் பெரிய மொழி மாதிரிகள், அதாவது ஏராளமான எழுத்தைப் பார்த்து மொழியைப் பழகிய நிரல்கள், வசனத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வாசிக்கும். ஆங்கிலத்தை அதிகம் பார்த்துப் பழகிய வெட்டுக் கத்தி, தமிழையும் சிங்களத்தையும் கண்டபடி நறுக்கிவிடும். துண்டு கூடினால் நேரமும் கூடும், செலவும் கூடும். 2018இல் கூகுள் வெளியிட்ட பல மொழி பேர்ட் (BERT) என்ற மொழி மாதிரியில் 104 மொழிகள் இருந்தன. தமிழ் இருந்தது, சிங்களம் இருக்கவில்லை. அடுத்த வருடம் பேஸ்புக் கொண்டுவந்த எக்ஸ்எல்எம்-ஆர் என்ற மாதிரியில் இரண்டுமே வந்தன, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் கூட. உங்கள் மகள் காலடி வைக்கும் நேரம் நல்ல நேரம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது என் வீட்டில் நடந்தது. என் அம்மாவுக்கு 78 வயது. அவருடைய வங்கியின் செயலியில் தமிழைத் தெரிவுசெய்து கொடுத்திருந்தேன். ஒரு நாள் காலை அழுவாரைப் போல எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, நான் எப்ப கடன் எடுத்தனான்?" போய்ப் பார்த்தால் திரையில் "உங்கள் நிலுவை" என்று போட்டு, பக்கத்தில் அவருடைய பென்ஷன் காசு. கணக்கில் உள்ள மீதியைச் சொல்ல வந்த இடத்தில், கட்டாமல் கிடக்கும் கடனுக்குரிய சொல்லைப் போட்டிருக்கிறார்கள். கீழே, "நீ வேறு ஏதாவது கேட்க விரும்புகிறாயா?" ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் எல்லாரையும் அழைத்துவிடலாம். தமிழில் எழுபத்தெட்டு வயது மனுஷியை யாரும் நீ என்பதில்லை. ஆங்கிலத்தில் யோசித்துவிட்டுக் கடைசி நேரத்தில் மொழிபெயர்த்தால் இப்படித்தான் வரும். அன்றைக்கு அம்மாவின் கை நடுங்கியதைப் பார்த்தவள் நான். இந்த வேலைக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும் என்று நான் மனதாரச் சொல்வேன்.

இதற்கு வேலை இருக்குமா என்று கேட்டீர்கள். இந்த நாட்டில் தமிழ் அரச கரும மொழி. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அதை எழுத்தில் தந்தது. ஆங்கிலம் இணைப்பு மொழி. அரசாங்கத் தகவலுக்கு 1919ஐ அழைத்தால் மூன்று மொழியிலும் பதில் சொல்ல வேண்டும். வங்கி, தொலைபேசி, ஆஸ்பத்திரி, காப்புறுதி என்று எங்கே போனாலும் வாடிக்கையாளர் இந்த மூன்று மொழிக்குள்தான். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அரச ஆவணங்களைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்ற ஒரு மொழிபெயர்ப்பு முறையையே உருவாக்கியிருக்கிறார்கள். ஆகவே தேவை உண்மையானது. ஆனால் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, வெறும் சாதாரண நிரல் எழுதும் ஆரம்ப வேலைகள் குறைந்துகொண்டு வருகின்றன என்பதையும் மறைக்க மாட்டேன். பதில் சரியா, மரியாதையா, ஆபத்தில்லையா என்று மூன்று மொழியிலும் சோதித்துச் சொல்லக்கூடிய ஆளுக்குத்தான் இடம் கூடும் என்பது என் கணிப்பு.

இனிப் பாதை. மகள் பௌதிக விஞ்ஞானப் பிரிவு, இணைந்த கணிதம் செய்திருக்கிறாள். அதில் படித்த தாயமும் (மேட்ரிக்ஸ்) நிகழ்தகவும் இங்கே தினசரிச் சாப்பாடு, அதனால் அந்தக் கொப்பிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கும் புள்ளி) நன்றாக வந்தால் மொறட்டுவையில் கணினி விஞ்ஞானமும் பொறியியலும், அல்லது ரீட் அவெனியூவில் உள்ள கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி. யாழ்ப்பாணத்திலும் கணினி விஞ்ஞானம் இருக்கிறது, அதைத் தள்ளிவைக்க வேண்டாம். புள்ளி கொஞ்சம் குறைந்தாலும் உலகம் முடிவதில்லை. அதே கொழும்புக் கணினிக் கல்லூரி நடத்தும் பிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்துக்கு இசட் புள்ளி தேவையில்லை, வேலை செய்துகொண்டும் பரீட்சை எழுதலாம். மொழியின் பக்கமாக வர விரும்பும் பிள்ளைகளுக்குக் களனியில் மொழியியல் இருக்கிறது. இவளுக்கு அது இரண்டாவது தெரிவாக இருக்கட்டும்.

நீங்கள் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய அந்தத் துண்டுப்பிரசுரத்துக்கு இப்போது வருகிறேன். ஆறு மாதத்தில் செயற்கை நுண்ணறிவு நிபுணர், வேலை உறுதி. அம்மா, தயவுசெய்து நகையை அடகு வைக்க வேண்டாம். பட்டம் என்று சொன்னால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். டிப்ளோமா என்றால் மூன்றாம் நிலைக் கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிந்திருக்கிறதா, என்விகியூ (தேசிய தொழில் தகைமை) எத்தனையாம் மட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை ஏற்க வேண்டாம். அங்கே முதல் மூன்று மாதம் சொல்லிக்கொடுக்கும் பைதன் என்ற நிரல் மொழியை அவள் வீட்டிலிருந்தே காசில்லாமல் படிக்கலாம். பெரிய கணினியும் வேண்டாம், நிரல் எழுதிப் பார்க்கும் கூகுள் கோலாப் பிரவுசரிலேயே ஓடும்.

ஒன்றில் மட்டும் உங்களோடு நான் உடன்படவில்லை. "இனி இங்கிலீஷ் மட்டும் பார்த்தால் போதும், தமிழும் சிங்களமும் எதற்கு" என்றீர்கள். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான், ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். ஆனால் ஆங்கிலமும் பைதனும் தெரிந்தவர்கள் பெங்களூரிலும் மணிலாவிலும் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்து, வீட்டில் தமிழ் கதைத்து, 'எப்ப'வையும் 'எபா'வையும் காதாலேயே பிரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. சிங்களத்தை அவள் இப்போது கதைக்கிறாள், ஆனால் எழுத வராது என்றாள். முதலில் அதை எழுதப் படிக்கட்டும். வாரத்தில் இரண்டு பின்னேரம் போதும்.

பெறுபேறு வரும்வரை வேறு எந்த வகுப்புக்கும் அனுப்ப வேண்டாம். கடை வாட்ஸ்அப்பில் வந்த உண்மையான கேள்விகளில் இருநூறு எடுத்து, ஆட்களின் பெயரையும் நம்பரையும் அழித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன மொழி, என்ன தேவை, சரியான பதில் என்ன என்று எழுதட்டும். எழுத்துப்பிழையைத் திருத்தக் கூடாது, ஆட்கள் அனுப்பியபடியே இருக்க வேண்டும். சிங்களக் கேள்விகளை அப்பாவிடம் வாசித்துக் காட்டிக் கேட்கட்டும், முப்பது வருடம் புறக்கோட்டையில் யாவாரம் செய்தவருக்கு அதெல்லாம் அத்துப்படி. பிறகு அதில் நூற்றைம்பதை வைத்து சாட்பொட்டைப் பழக்கி, மிச்ச ஐம்பதை அதற்குக் காட்டாமல் வைத்து, எத்தனைக்குச் சரியாகப் பதில் சொல்கிறது என்று எண்ணட்டும். பிழைத்தவைகளை மட்டும் சிவப்புப் பேனையால் குறித்துக்கொண்டு, அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். முடிந்தால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அப்பாவும் கூட வரட்டும். சீ.ஆர். கொப்பியை மறந்துவிட வேண்டாம்.