மானியம் உண்டு என்கிறார்கள், வாங்கலாமா?

இந்த முறை வந்த கேள்விகள் சோலார், ஏ.சி., ஸ்கூட்டர், பெட்ரோல், காபித்தூள் என்று கலவையாக இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் விலைக்குப் பின்னாலும் பருவநிலை மாற்றம் நிற்கிறது. ஒன்றில் மானியமாக, ஒன்றில் வரியாக, ஒன்றில் நேரடியாக மழை பொய்த்த கதையாக. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 280 யூனிட் ஓடுகிறது, பில் 600 ரூபாயைச் சுற்றி வருகிறது. 3 கிலோவாட் சோலார் போட்டால் 2 லட்சம், அதில் 78,000 மத்திய அரசு மானியம், இனி கரண்ட் பில்லே வராது என்கிறார் ஒரு வியாபாரி. போடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: வேண்டாம். உங்கள் கணக்கில் ஆண்டு மின்கட்டணம் 3,600 ரூபாய். மானியம் போக நீங்கள் போடும் கைக்காசு 1,22,000. பில் முழுக்கப் பூஜ்யமானாலும் போட்ட பணம் திரும்ப 34 ஆண்டு ஆகும். பேனலுக்குத் தரும் உற்பத்தி உத்தரவாதமே வழக்கமாக 25 ஆண்டுதான்.

வியாபாரி பொய் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் அறிவித்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக உச்சம் 78,000 ரூபாய். ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி. ஆனால் டெல்லி இந்தக் கணக்கைப் போட்டது நாடு முழுவதற்கும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு அடுத்த அடுக்குகளிலும் சலுகை. ஓர் அரசு மின்சாரத்தை மலிவாகக் கொடுக்கிறது, இன்னோர் அரசு அதே மின்சாரத்தை நீங்களே தயாரிக்கக் காசு கொடுக்கிறது. நடுவில் நிற்கும் உங்களுக்கு முதலாவதே லாபம்.

யாருக்குப் பயன்? இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் வீடு என்று வையுங்கள். பில் கிட்டத்தட்ட 6,000 வரும். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 700 யூனிட் அளவுக்குக் கழிந்துவிடும், அதுவும் விலை கூடிய மேல் அடுக்குகளிலிருந்து. அவர்களுக்கு நாலைந்து ஆண்டில் முதல் திரும்பிவிடும். நிழல் விழாத 300 சதுர அடி மாடி வேண்டும், அவ்வளவுதான்.

அப்படிப் போடுகிறவர்கள் கவனிக்க மூன்று விஷயம். மானியம் சோலார் செல், பேனல் இரண்டுமே இந்தியாவில் செய்த அமைப்புக்கு மட்டும்தான். உலகில் பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது. அதை உடைக்கத்தான் 2022 ஏப்ரலில் வெளிநாட்டு பேனலுக்கு 40% சுங்கவரி போட்டார்கள், மானியத்திலும் இந்த நிபந்தனையைச் சேர்த்தார்கள். ‘அந்த பேனல் விலை ஜாஸ்தி, இதைப் போட்டுத் தருகிறேன், மானியமும் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள். அடுத்து, மானியம் வியாபாரி கைக்கு வருவதில்லை. நெட் மீட்டர் (நீங்கள் எடுக்கும் மின்சாரத்திலிருந்து நீங்கள் அனுப்புவதைக் கழித்துக் காட்டும் மீட்டர்) பொருத்தி, இயக்கிக் காட்டிய பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். எனவே முழுத்தொகைக்கும் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். கடைசியாக, பலருக்குப் போட்ட பிறகுதான் தெரிகிறது: பேட்டரி இல்லாத இந்த அமைப்பு கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இன்வெர்ட்டருக்குப் பதிலாக சோலார் என்று நினைத்திருந்தால் மறந்துவிடுங்கள்.

கேள்வி: போன வருடத்து 5 ஸ்டார் ஏ.சி.யை 6,000 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். புதிய 5 ஸ்டார்தான் வாங்க வேண்டும் என்கிறான் மகன். (மதுரை வாசகி)

பதில்: இரண்டு பேரும் சரி. 2026 ஜனவரி 1 முதல் ஸ்டார் அளவுகோல் இறுக்கப்பட்டிருக்கிறது. போன வருடம் 5 ஸ்டார் வாங்கிய மெஷின் இன்று பெரும்பாலும் 4 ஸ்டார்தான். 2022 ஜூலையிலும் இப்படித்தான் ஒரு படி இறக்கினார்கள். கோடை மாலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஏ.சி. ஓடும்போது எகிறும் தேவைக்காகப் புதிய மின்நிலையம் கட்டுவதைவிட, மெஷினைத் திருத்துவது அரசுக்கு மலிவு.

நீங்கள் நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். அதே லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். 1,600 மணிநேரம் ஓட்டினால் ஆகும் செலவு அது. இரண்டு மெஷினுக்கும் நடுவில் 80 யூனிட் வித்தியாசம் என்றால், யூனிட் 9 ரூபாய் என்று பிடித்தாலும் ஆண்டுக்கு 720 ரூபாய். 6,000 ரூபாயை ஈடுகட்ட எட்டு ஆண்டு. வித்தியாசம் 150 யூனிட்டுக்கு மேல் போனால் மகன் ஜெயித்தார். இல்லையென்றால் பழையதையே வாங்குங்கள், ஆனால் தயாரித்த மாதத்தைப் பாருங்கள், உத்தரவாதம் பில் தேதியிலிருந்து தொடங்குகிறதா என்று எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 28% இல்லை, 18% தான். பழைய எம்.ஆர்.பி. ஸ்டிக்கரைக் காட்டி ‘தள்ளுபடி’ என்பவர்களிடம் அதையும் நினைவுபடுத்துங்கள்.

செகண்ட் ஹேண்டில் ஆர்-22 வாயு உள்ள மெஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அந்த வாயுவை ஒழித்துக்கட்டும் வேலை உலக அளவில் நடக்கிறது. நாளைக்கு லீக் ஆனால் நிரப்பும் செலவு உங்கள் தலையில்.

கேள்வி: என் நண்பர் 2023 மே மாதம் மின்சார ஸ்கூட்டர் வாங்கியபோது பெரிய மானியம் கிடைத்தது. எனக்கு அதில் கால்வாசிகூட இல்லை. மறுபடி ஏறும்வரை காத்திருக்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: ஏறாது. பேட்டரியின் கொள்ளளவில் ஒரு கிலோவாட்-மணிக்கு (அதாவது ஒரு யூனிட்டுக்கு) மத்திய அரசு 15,000 ரூபாய் தந்தது. 2023 ஜூன் 1 முதல் அது 10,000, அதோடு உச்சவரம்பும் குறுகியது. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் முதல் ஆண்டு 5,000, ஒரு வண்டிக்கு உச்சம் 10,000; இரண்டாம் ஆண்டு 2,500, ஒரு வண்டிக்கு மொத்தமே 5,000 ரூபாய்தான் உச்சம். வாங்கும் நாளில் அதுவாவது நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கேயும் இதே கதைதான். சீனா பத்தாண்டுக்கு மேல் கொடுத்துவிட்டு 2022 முடிவில் நிறுத்தியது. ஜெர்மனியில் 2023 டிசம்பர் 16, சனிக்கிழமை மானியம் நிறுத்தம் என்று அறிவித்தார்கள், ஞாயிறு இரவோடு விண்ணப்பம் முடிந்தது. அதற்கு முந்தைய மாதம் 6,000 கோடி யூரோ பருவநிலை நிதி ஒதுக்கீடு செல்லாது என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னதில் விழுந்த துண்டு அது. கார் புக் செய்து டெலிவரிக்குக் காத்திருந்தவர்கள் அம்போ. அமெரிக்காவில் 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. நார்வே மட்டும் வேறு வழியில் போனது: மின்சார காருக்குச் சலுகையோடு, பெட்ரோல் காருக்குக் கனத்த வரி. 2024-ல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்.

உங்களுக்கு மானியம் ஒரு பொருட்டாக இருக்கவேண்டாம். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, வீட்டில் சார்ஜ் போட வசதியும் இருந்தால் மானியமே இல்லாமலும் கட்டுப்படியாகும். மாடி வீட்டில் குடியிருந்து, கீழே பிளக் பாயின்ட் இல்லாமல், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வண்டி எடுப்பவர் என்றால் 50,000 மானியம் கொடுத்தாலும் உதவாது.

கேள்வி: இங்கு 2025 ஏப்ரலில் கார்பன் வரியை எடுத்துவிட்டார்கள். பெற்றோல் விலை குறைந்தது சந்தோஷம்தான். ஆனால் மூன்று மாதத்துக்கொருக்கால் வங்கிக்கு வந்த காசும் நின்றுவிட்டது. நாங்கள் நால்வர், ஒரு கார், வீட்டுச் சூடாக்கி காஸில் ஓடுது. எங்களுக்கு லாபமோ நட்டமோ? (டொரொண்டோ வாசகர்)

பதில்: எங்களுக்கு வந்த கடிதங்களில் இந்தக் கேள்விதான் மிகவும் பிடித்தது. கார்பன் வரி என்பது எரிபொருள் வெளியிடும் கரியமில வாயுவுக்கான வரி; வசூலானதில் பெரும்பகுதியைக் கனடா அரசு வீடுகளுக்கே திருப்பித் தந்தது. கணக்குப் போடுவோம்.

வரி எடுக்கப்படும் முன் ஒரு லிட்டர் பெட்ரோலில் 17.6 சென்ட், ஒரு கன மீட்டர் எரிவாயுவில் 15.25 சென்ட் கார்பன் கட்டணம் இருந்தது. வாரம் 40 லிட்டர் அடிக்கிறீர்கள் என்றால் காலாண்டுக்கு 520 லிட்டர், சுமார் 92 டாலர். வீட்டுக்கு ஆண்டுக்கு 2,200 கன மீட்டர் எரிவாயு என்றால் காலாண்டுக்குச் சுமார் 84 டாலர். அதன் மேல் 13% விற்பனை வரி. எல்லாம் சேர்த்து 198 டாலர். ஒன்டாரியோவில் நால்வர் குடும்பத்துக்குக் காலாண்டுக்கு வந்தது 280 டாலர். ஆக நேரடிக் கணக்கில் உங்களுக்குக் காலாண்டுக்கு 80 டாலர் அளவுக்கு நட்டம். இரண்டு பெரிய வண்டியும் விசாலமான வீடும் உள்ளவருக்கு லாபம்.

வரி பெட்ரோல் பங்கில் ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டது. திரும்பி வந்த பணம் சத்தமில்லாமல் கணக்கில் விழுந்தது, பலருக்கு அது எதற்கு வருகிறது என்றே தெரியவில்லை. அதனால்தான் பொருளாதார நிபுணர்கள் மெச்சிய ஒரு திட்டத்தை அரசியல்வாதிகளால் காப்பாற்ற முடியவில்லை. பிரான்சில் 2018-ல் எரிபொருள் வரிக்கு எதிராக மஞ்சள் அங்கிக்காரர்கள் தெருவுக்கு வந்தபோதோ, வரிப்பணத்தை இப்படி வீடுகளுக்கு நேராகத் திருப்பித் தரும் ஏற்பாடுகூட இல்லை.

கனடாவில் பெரிய ஆலைகள் மீதான கார்பன் கட்டணம் இன்னும் இருக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது: சூடாக்கியை மாற்றும் காலம் வந்தால் ஹீட் பம்ப்புக்கு (வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) மாகாணத்திலும் எரிவாயு நிறுவனத்திலும் என்ன கழிவு இருக்கிறது என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். பல திட்டங்களில் முன்கூட்டியே வீட்டு மின்-வெப்பப் பரிசோதனை செய்யாதவருக்குப் பணம் கிடையாது. கதவைத் தட்டி விற்க வருபவரிடம் கையெழுத்துப் போடவே வேண்டாம்.

கேள்வி: காபித்தூள் விலை இப்படி ஏறுகிறதே, யாராவது பதுக்குகிறார்களா? கடையில் கிலோ 600 ரூபாய்க்கு ஒன்று, 750 ரூபாய்க்கு ஒன்று இருக்கிறது, எதை வாங்குவது? (கும்பகோணம் வாசகி)

பதில்: பதுக்கலைவிடப் பிரேசிலும் வியட்நாமும்தான் காரணம். உலகின் முதல் இரண்டு காபி நாடுகள். 2024-ல் இரண்டிலும் வறட்சி. அராபிகா ரகக் காபியின் விலை நியூயார்க் சந்தையில் 2024 டிசம்பரிலேயே 1977-ல் வைத்த உச்சத்தைக் கடந்து, 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு 4 டாலரையும் தாண்டியது. நம் நாட்டுக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதிதான். எனவே சிக்மகளூரிலோ ஏற்காட்டிலோ மழை நன்றாகப் பெய்தாலும், தோட்டக்காரர் உலக விலைக்குத்தான் விற்பார். அதோடு, காடழித்த நிலத்தில் விளைந்ததல்ல என்று தோட்டத்தின் இடக்குறியோடு காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் போட்டிருக்கிறது. அமலைத் தள்ளித் தள்ளி வைத்தாலும், நம் ஏற்றுமதிக்காரர்கள் அதற்கான காகித வேலையை இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் செலவையும் யாராவது ஏற்றாக வேண்டும்.

உங்கள் கையில் இருப்பது சிக்கரிக் கணக்கு. விலை ஏறும்போது பாக்கெட்டில் சத்தமில்லாமல் சிக்கரி கூடும். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட்டாக வேண்டும் என்பது சட்டம். சிறிய எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுத் தேடுங்கள். கிலோ விலையைக் காபியின் பங்கால் வகுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய இரண்டில், 600 ரூபாய்த் தூளில் காபி 60 சதவீதம், அதாவது ஒரு கிலோ காபிக்கு 1,000 ரூபாய். 750 ரூபாய்த் தூளில் காபி 80 சதவீதம், அது 938 ரூபாய் ஆகிறது. சிக்கரி கூடிய டிகாக்ஷன் கறுப்பாக இறங்கும், அதைப் பார்த்து ஸ்ட்ராங் என்று நினைத்துவிடாதீர்கள்.