யூர்கன் ஹிங்சன் பற்றிக் கேட்டீர்கள்

ஜெர்மனியின் பழைய டெகாத்லான் வீரர் ஹிங்சன் குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும். (டெகாத்லான் என்பது ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று பத்துப் போட்டிகள்; ஒவ்வொன்றிலும் கிடைக்கும் புள்ளிகளின் கூட்டல்தான் முடிவு.)

கே: சியோல் ஒலிம்பிக்கில் மூன்று ஃபால்ஸ் ஸ்டார்ட் (துப்பாக்கி ஒலிக்கும் முன்பே புறப்படுவது) செய்து வெளியேறியவர்தானே?

அவரேதான். 1988, முதல் போட்டியான 100 மீட்டர். ஆனால் அந்த ஒரு காலையை வைத்தே அவரை அளந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். மூன்று முறை உலக சாதனை படைத்தவர் அவர்: 1982இல் உல்ம், 1983இல் பெர்ன்ஹவுசன், 1984இல் மன்ஹைம். டூயிஸ்பர்க்கில் பிறந்த, 2 மீட்டர் உயர மனிதர். அந்த உடம்போடு 1500 மீட்டரும் ஓடி முடிக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

கே: அண்ணா, அப்படியும் ஏன் ஒரு பெரிய தங்கம்கூட இல்லை?

பிரிட்டனின் டேலி தாம்சன் அதே காலத்தில் ஆடினார். 1982 ஏதென்ஸ் ஐரோப்பிய சாம்பியன்ஷிப், 1983 ஹெல்சிங்கி உலக சாம்பியன்ஷிப், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், 1986 ஸ்டுட்கார்ட் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்: நான்கிலும் தாம்சன் முதலிடம், ஹிங்சன் இரண்டாமிடம்.

கே: ஒரு தடவையாவது நெருங்கினாரா?

லாஸ் ஏஞ்சல்ஸில் நெருங்கினார். ஏழாவது போட்டி வட்டு எறிதல். ஹிங்சன் 50.82 மீட்டர் எறிந்துவிட்டார். தாம்சனின் முதல் இரண்டு எறிகளும் சொதப்பல். மிச்சம் ஒன்றே ஒன்று. அதுவும் சறுக்கியிருந்தால் ஹிங்சன் முதலிடத்துக்குப் போயிருப்பார். தாம்சன் 46.56 எறிந்தார். அடுத்து வந்த கோலூன்றித் தாண்டுதலில் ஹிங்சன் 4.50 மீட்டரோடு நின்றுபோக, தாம்சன் 5 மீட்டர் தாண்டினார். அங்கேயே தங்கம் கைநழுவிவிட்டது. எத்தனை முறை படித்தாலும் அந்த மூன்றாவது எறி வரும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

கே: மன்ஹைம் சாதனை ஓரிடத்தில் 8798 புள்ளி, இன்னோரிடத்தில் 8832 என்று இருக்கிறதே?

இரண்டும் சரி. 8798 அன்றைய கணக்கு. பிறகு புள்ளி அட்டவணையை மாற்றினார்கள். அதே ஓட்டங்களையும் எறிகளையும் புது அட்டவணையில் கூட்டினால் 8832 வரும்.

கே: சியோலில் முதல் தவறிலேயே ஏன் வெளியேற்றவில்லை?

அப்போது டெகாத்லானில் ஒருவருக்கு இரண்டு தவறுகள் வரை மன்னிப்பு உண்டு. மூன்றாவதில்தான் வெளியே. இப்போது அந்தச் சலுகை இல்லை. முதல் தவறு யாருடையதாக இருந்தாலும் எல்லோருக்கும் எச்சரிக்கை, அதன்பின் தவறுபவர் கிளம்ப வேண்டியதுதான்.

கே: அவருடைய சாதனை இன்னும் நிற்கிறதா?

உலக சாதனை எப்போதோ போய்விட்டது. ஆனால் ஜெர்மன் தேசிய சாதனையாக 39 வருடம் நின்றது. 2023 ஜூனில் அமெரிக்காவின் ஆஸ்டினில், அங்கே படித்துக்கொண்டிருந்த லியோ நொய்கெபாவர் 8836 எடுத்து அதை முறியடித்தார். நான்கே புள்ளி வித்தியாசம். 2025இல் டோக்கியோவில் அவர் உலக சாம்பியனும் ஆனார். ஹிங்சனுக்குக் கிடைக்காத அந்தத் தங்கம்.